கடல்மீன் குஞ்சின் அன்னப்பிராசனம்

ஜப்பான் தேசத்தில் விலாங்கு மீன் வளர்க்கும் குளங்களில், ஜலம் பச்சைப்பசேலென்று இருந்தவரை வளர்ப்பவர்களுக்கு விசாரமில்லை. அந்தப் பச்சைக்குக் காரணமான நுண்பாசியே பகலெல்லாம் பிராணவாயுவை விளைவித்து மீன்களைப் பரிபாலித்து வந்தது. ஆனால் ஓரிரு தினங்களுக்குள் ஜலம் நிறம் மாறி வெளிறிப்போவதும், விலாங்குகள் மூச்சுத் திணறி மேற்பரப்பில் திரண்டு மடிவதுமாகிய அநர்த்தம் அங்கே அவ்வப்போது நேர்ந்தது. 1950களில் இதனை ஆராய்ந்த மீயே மாகாணப் பல்கலைக்கழகத்து அறிஞர் தகாஷி இட்டோவின் கவனம், பாசியை மேய்ந்து தீர்க்கும் ரோட்டிபர் என்ற நுண்ணிய ஜந்துவின்மேல் சென்றது.

1786இல் வெளிவந்த டேனிஷ் அறிஞர் ஓ. எஃப். முல்லரின் நூலிலேயே பிராக்கியோனஸ் பிளிகாடிலிஸ் என்று நாமகரணம் பெற்றுவிட்ட இப்பிராணி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரைதான் நீளம் இருக்கும். தலையிலுள்ள மயிரிழை வளையத்தைச் சுழற்றி, எதிர்ப்பட்ட பாசியையெல்லாம் வாய்க்குள் இழுத்துக்கொண்டு மெதுவாக நீந்தும். ஆணின் துணையில்லாமலே முட்டையிட்டு, அம்முட்டையைப் பின்புறத்தில் ஒட்டிச் சுமந்து, பிறந்த ஓரிரு தினங்களிலேயே தாய்மை எய்தி, அளவின்றிப் பெருகும்.

குளத்துக்குக் கேடு விளைத்த இக்குணங்களே கடல்மீன் வளர்ப்போருக்குத் தேவையாக இருந்தன. ஜப்பானியர் மங்கல காரியங்களில் விரும்பிப் பரிமாறும் மடாய் என்னும் செந்நிற மீனின் குஞ்சு, சில தினங்களில் மஞ்சள் கரு தீர்ந்ததும் இரை தேடத் தொடங்குகிறது. அதன் சின்னஞ்சிறு வாய்க்கு, 1930களில் நார்வேயில் ரோலெஃப்சன் மீன்குஞ்சுகளுக்கு ஊட்டி வெற்றி கண்ட ஆர்ட்டீமியா என்னும் உப்பளத்து உயிரின் குஞ்சுகூடப் பெரிது. 1960இல் இட்டோ ரோட்டிபரைக் கடல்நீரில் வளர்த்து, மீன்குஞ்சுகளுக்கு அது ஆகாரமாகும் என்று காட்டினார். அப்பத்தாண்டிலேயே மடாய்க் குஞ்சுகளின் உற்பத்திக்கு இதுவே அஸ்திவாரமாயிற்று.

பிறகு தொட்டிகள் எழுந்தன. ஒன்றில் பாசி, மற்றொன்றில் ரோட்டிபர் என்று வளர்த்து, அன்றாடம் ஒரு பங்கு ஜலத்தை மென்வலையில் வடித்து அறுவடை செய்து, குறைந்த அளவுக்குப் பச்சை ஜலம் விட்டு நிரப்பினார்கள். காலையில் ஒரு மில்லிலிட்டர் ஜலம் எடுத்து, அயோடின் துளி விட்டு அசைவை நிறுத்தி, நுண்ணோக்கியின் கீழ் எண்ணும் பொரிப்பகப் பணியாளர், முட்டை சுமப்பவை எத்தனை என்பதையே முக்கியமாகக் கவனிப்பார். அவை குறைந்தால், கூட்டம் பெருத்திருந்தாலும் தொட்டி சரியப்போகிறது என்று அர்த்தம். பாசிக்கோ வெயிலும் விசாலமான தொட்டிகளும் வேண்டும்; மேகமூட்டம் நீடித்தால் எல்லாம் தடைப்படும். ஆகவே 1967இல் ஹிராட்டா, மோரி இருவரும் ரொட்டிக்கு இடும் ஈஸ்டையே ஊட்டி ரோட்டிபரைப் பெருக்கும் உபாயத்தை வெளியிட்டபோது சிரமம் பெரிதும் குறைந்தது.

ஆனால் சங்கடமும் கூடவே வந்தது. ஈஸ்ட் மட்டும் தின்ற ரோட்டிபரை வயிறார உண்டும் குஞ்சுகள் திரள்திரளாக மடிந்தன. 1970களின் பிற்பகுதியில் வாதனாபே முதலியோர், கடல்மீனுக்கு இன்றியமையாத ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அந்த ரோட்டிபரில் போதாமையே காரணம் என்று நிரூபித்து, மீனெண்ணெய் சேர்த்த ஈஸ்டை ஊட்டி அக்குறையைத் தீர்த்தார்கள். ரோட்டிபர் எதைத் தின்றதோ அதுவே குஞ்சுக்குச் சேருகிறது என்ற ஞானம் அன்றுமுதல் இத்தொழிலின் விதியாயிற்று. 2010இல் மண்டபம் என்னும் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல்விரால் குஞ்சுகளை இந்தியாவில் முதன்முறையாக உற்பத்தி செய்தபோதும் ரோட்டிபரே முதல் ஆகாரம். எந்தப் பொரிப்பகத்திலும், மீன் முட்டையிடுவதற்கு முன்பே பாசித் தொட்டியும் ரோட்டிபர் தொட்டியும் தயாராக நிற்க வேண்டும். குஞ்சு பொரித்தபின் ஆகாரம் தேடப் புறப்பட்டால் காலம் கடந்துவிடும்.