பர்மிங்காம் வட்டாரம்: 18-ஆம் நூற்றாண்டில் தொழிலும் அறிவியலும் சமூகமும்

பர்மிங்காம் வட்டாரம் என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வார்விக்‌ஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர், வொர்ஸ்டர்ஷயர் ஆகிய மாவட்டங்களின் எல்லைகள் கூடும் இடத்தில் அமைந்த உலோகத் தொழில் பகுதியாகும். பர்மிங்காம் நகரையும், அதன் வடமேற்கே உள்ள வுல்வர்ஹாம்ப்டன், வால்சால், டட்லி, வென்ஸ்பரி, டிப்டன் போன்ற ஊர்களையும் உள்ளடக்கிய இப்பகுதி, 18-ஆம் நூற்றாண்டில் தொழிற்புரட்சியின் முதன்மையான களங்களுள் ஒன்றாக விளங்கியது. பட்டறையின் தேவை ஆய்வுக்கு வழிகாட்டவும், ஆய்வில் கிடைத்த அறிவு மீண்டும் பட்டறைக்கே பயன்படவும் ஏற்றதொரு சமூகச் சூழல் இங்கு உருவானதே இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பாகும்.

நிலமும் போக்குவரத்தும்

பர்மிங்காமுக்கு வடமேற்கே நிலக்கரியும் இரும்புக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும், உலைச் சுவர் கட்டுவதற்கு ஏற்ற, கடும் வெப்பத்தைத் தாங்கும் களிமண்ணும் அருகருகே கிடைத்தன. டட்லியைச் சுற்றியிருந்த நிலக்கரிப் படுகை சில இடங்களில் 30 அடி தடிமன் கொண்டிருந்தது. சுரங்கம் ஆழமாக ஆழமாக அதில் ஊறும் நீரை இறைப்பது பெருஞ்சிக்கலாயிற்று. அதற்குத் தீர்வாகத் தாமஸ் நியூகொமன் உருவாக்கிய நீராவிப் பொறி 1712-இல் டட்லி கோட்டைக்கு அருகில் நிறுவப்பட்டது. மேற்கே ஷ்ராப்ஷயரில் உள்ள கோல்புரூக்டேலில், 1709-இல் ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைக் கொண்டு, அதாவது நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டு அதிலுள்ள மாசுகளை நீக்கிப் பெற்ற கரியைக் கொண்டு, இரும்பை உருக்குவதில் வெற்றி கண்டிருந்தார்.

ஆயினும் பர்மிங்காமை ஒட்டிப் படகு செல்லத்தக்க ஆறு எதுவும் இல்லாததால், தரைவழியே வண்டியில் ஏற்றிச் செல்லும் செலவைத் தாங்கக்கூடிய, எடை குறைந்து விலை மிகுந்த பொருள்களைச் செய்வதே அந்நகருக்கு இலாபமாக இருந்தது. 1768-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட பர்மிங்காம் கால்வாய் வழியாக, 1769-இல் வென்ஸ்பரிச் சுரங்கங்களின் நிலக்கரி படகில் நகருக்கு வந்து சேர்ந்தது. நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1772-இல் இக்கால்வாய் ஸ்டாஃபோர்ட்ஷயர்–வொர்ஸ்டர்ஷயர் கால்வாயுடன் இணைந்தபோது செவர்ன் ஆற்றின் வழியே கடல் வாணிகத்திற்கும் பாதை திறந்தது.

தொழில் அமைப்பு

சட்டைப் பொத்தான், காலணிக் கொளுக்கி, மூக்குப்பொடி டப்பி, கைக்கடியாரச் சங்கிலி முதலான சிறு உலோகப் பொருள்கள் அனைத்தும் அக்காலத்தில் ‘டாய்’ என்னும் பொதுப் பெயரால் வழங்கப்பட்டன. 1759-இல் பர்மிங்காம் உற்பத்தியாளர்கள் நாடாளுமன்றத்தில் அளித்த சாட்சியத்தின்படி, இத்தொழிலில் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் குறைந்தது 20,000 பேர் ஈடுபட்டிருந்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 6,00,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு உற்பத்தியாகி, அதில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குச் சென்றது. நீராவிக்கு முன்பே இத்தொழிலுக்கு வலுவூட்டியவை அச்சடிபொறி, அழுத்துபொறி, கடைசல் பொறி, உலோகத்தைத் துளை வழியே இழுத்து மெலிதாக்கும் இழுவை மேடை என்னும் நான்கு கைக்கருவிகளே. ஒரு பொத்தானைச் செய்யும் வேலை பல சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் ஒப்படைக்கப்பட்டதால், உற்பத்தி விரைந்து பெருகியது; நீண்ட காலப் பயிற்சி பெறாத பெண்களும் சிறுவர்களும் பெருமளவில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

பர்மிங்காம் 1838 வரை நகராட்சி உரிமை பெறாத ஊராகவே இருந்தது. தொழில் செய்யும் உரிமையை உறுப்பினர்களுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கும் கைவினைஞர் சங்கங்களும் அங்கு இல்லை. ஆகவே வெளியூரிலிருந்து வந்த எவரும் தடையின்றிப் பட்டறை தொடங்க முடிந்தது. இந்தத் திறந்த தன்மையால் ஈர்க்கப்பட்டோர் பெருகியதால், 1750-இல் ஏறத்தாழ 24,000 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை, 1801 கணக்கெடுப்பில் 73,000-ஐக் கடந்தது. பொத்தான் உற்பத்தியில் செல்வம் ஈட்டிய ஜான் டெய்லர், இரும்பு வணிகரான சாம்ப்சன் லாயிடுடன் சேர்ந்து 1765-இல் தொடங்கிய வங்கியே பிற்காலத்து லாயிட்ஸ் வங்கியின் மூலமாகும்.

சோஹோ ஆலையும் நீராவிப் பொறியும்

மேத்யூ போல்ட்டன் (1728–1809) 1760-களில் நகருக்கு வெளியே ஹேண்ட்ஸ்வொர்த்தில் நிறுவிய சோஹோ ஆலை, சிதறிக் கிடந்த பட்டறை வேலைகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. வெள்ளிப் பொருள்களின் தூய்மையைச் சோதித்து முத்திரையிட அவை தொலைவிலுள்ள செஸ்டருக்கு அனுப்பப்பட வேண்டியிருந்த நிலையை மாற்ற அவர் நாடாளுமன்றத்தில் போராடியதன் விளைவாக, 1773-இல் பர்மிங்காமிலேயே உலோகச் சோதனை அலுவலகம் அமைந்தது.

கிளாஸ்கோவில் கருவி செய்பவராக இருந்த ஜேம்ஸ் வாட் (1736–1819), நியூகொமன் பொறியின் உருளை ஒவ்வொரு வீச்சிலும் சூடாகிக் குளிர்வதால் பெருமளவு வெப்பம் வீணாவதைக் கண்டறிந்து, நீராவியைத் தனிக் கலனொன்றில் குளிர்வித்து நீராக்கும் முறையை 1765-இல் கண்டுபிடித்து, 1769-இல் காப்புரிமையும் பெற்றிருந்தார். அவர் 1774-இல் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். 1775-இல் காப்புரிமைக் காலம் 1800 வரை நீட்டிக்கப்பட்டதும் போல்ட்டனும் வாட்டும் கூட்டு நிறுவனம் தொடங்கினர். இருப்பினும், நீராவி கசியாதவாறு துல்லியமாகக் குடையப்பட்ட பெரிய உருளை இல்லாமல் இப்பொறி பயன்தராது. பீரங்கிக் குழல் குடைவதற்கென 1774-இல் ஜான் வில்கின்சன் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்த குடைபொறியே அத்தகைய உருளையைத் தந்தது. 1776-இல் முதல் பொறிகளுள் ஒன்று டிப்டனில் உள்ள புளூம்ஃபீல்ட் நிலக்கரிச் சுரங்கத்திலும் மற்றொன்று வில்கின்சனின் இரும்பு உலையிலும் இயங்கத் தொடங்கின.

பழைய பொறியோடு ஒப்பிடுகையில் மிச்சமாகும் எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கையே நிறுவனம் கட்டணமாகப் பெற்றது. ஆலைச் சக்கரங்களைச் சுழற்றும் பொறிகள் 1780-களில் வந்தபோது, அவை குதிரைகளுக்குப் பதிலாக வேலை செய்ததால், கட்டணத்தைக் கணக்கிடக் குதிரையின் உழைப்பே அளவுகோலாக்கப்பட்டது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் திறனே ஒரு குதிரைத்திறன் என வாட் வரையறுத்தார். பின்னர் உலகெங்கும் பரவிய இந்த அலகு இவ்வாறு விலை பேசும் தேவையிலிருந்து பிறந்தது. 1800-க்குள் நானூறுக்கும் மேற்பட்ட பொறிகளை இந்நிறுவனம் அமைத்துக் கொடுத்தது.

போல்ட்டன் 1788-இல் நீராவியால் இயங்கும் நாணயச்சாலையையும் சோஹோவில் அமைத்தார். பிரிட்டனின் 1797-ஆம் ஆண்டுச் செப்பு நாணயங்களும், சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803-ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட செப்புக் காசுகளும் இங்கு அச்சடிக்கப்பட்டவையே.

நிலாக் கழகம்

இவ்வட்டாரத்தின் அறிவுலக வாழ்வுக்கு நடுநாயகமாக இருந்தது ‘லூனார் சொசைட்டி’ எனப்பட்ட நிலாக் கழகமாகும். கூட்டம் முடிந்து இருண்ட சாலைகளில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டியிருந்ததால், முழுநிலவை ஒட்டிய நாளில் உறுப்பினர் எவரேனும் ஒருவர் வீட்டில் உணவுக்குக் கூடுவதை இவர்கள் வழக்கமாகக் கொண்டிருந்தனர். 1760-களில் போல்ட்டனும், லிச்ஃபீல்டில் மருத்துவராக இருந்த எராஸ்மஸ் டார்வினும் (1731–1802) கொண்டிருந்த நட்பிலிருந்து வளர்ந்த இக்குழுவுக்கு, வர்ஜீனியாவில் பேராசிரியராகப் பணியாற்றிவிட்டு 1765-இல் பர்மிங்காம் வந்த வில்லியம் ஸ்மால் இணைப்புப் பாலமாக இருந்தார். அவர் 1775-இல் மறைந்த பின்னரும் கழகம் தொடர்ந்தது. எக்காலத்திலும் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழப் பதினான்கைத் தாண்டவில்லை.

கழகத்தாரின் ஆய்வுகள் பெரும்பாலும் அவரவர் தொழிலோடு பிணைந்திருந்தன. வட ஸ்டாஃபோர்ட்ஷயரில் எட்ரூரியா மட்பாண்ட ஆலையை 1769-இல் திறந்த ஜொசையா வெட்ஜ்வுட் (1730–1795), சூளையின் உள்வெப்பத்தை அளக்கச் சாதாரண வெப்பமானி உதவாத நிலையில், களிமண் சூட்டில் சுருங்கும் அளவைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கும் கருவியொன்றை உருவாக்கி, 1782-இல் அதை இலண்டன் அரச கழகத்தில் அறிவித்து, மறு ஆண்டில் அக்கழகத்தின் உறுப்பினரானார். வளிமங்களைப் பற்றிய ஆய்வால் புகழ்பெற்றிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி (1733–1804) 1780-இல் பர்மிங்காமில் சமய போதகராகப் பொறுப்பேற்றபோது, அவருடைய சோதனைகளுக்கு வேண்டிய பீங்கான் குழாய்களையும் வாலைகளையும் வெட்ஜ்வுட்டே செய்து கொடுத்தார். ஜேம்ஸ் கெய்ர் வேதியியல் அகராதியொன்றைப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்ததோடு, டிப்டனில் காரப்பொருளும் சவர்க்காரமும் செய்யும் ஆலையையும் நடத்தினார். மருத்துவர் வில்லியம் விதரிங், நீர்க்கோவை நோய்க்கு நாட்டுப்புறப் பெண்ணொருத்தி கொடுத்துவந்த மூலிகைக் கலவையில் பயன்தருவது டிஜிட்டாலிஸ் செடியே என இனங்கண்டு, 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் பலன்களை, தோல்விகளையும் மறைக்காமல், 1785-இல் நூலாக வெளியிட்டார். அச்செடியிலிருந்து கிடைக்கும் மருந்து இதய நோய்க்கு இன்றும் பயன்படுகிறது.

அறிவியல் இச்சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடவில்லை. ஜான் வால்டயர் போன்ற நாடோடி விரிவுரையாளர்கள் காற்றுப் பம்பும் மின்பொறியும் கொண்டு கட்டண வகுப்புகள் நடத்தினர். 1779-இல் சந்தா நூலகமும் பொது மருத்துவமனையும் நகரில் தொடங்கப்பட்டன. அரசோ பல்கலைக்கழகமோ முன்னின்று நடத்தாமல், ஊர் மக்களின் சந்தாவிலும் நன்கொடையிலும் வளர்ந்தவை இவை.

உழைப்பாளரும் அடிமை வணிகமும்

இவ்வளர்ச்சியின் பயன் எல்லாருக்கும் சமமாகக் கிட்டவில்லை. சோஹோவில் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பங்கு செலுத்தி நோயிலும் காயத்திலும் உதவித்தொகை பெறும் நிதி இருந்தது. ஆனால் சுரங்க ஊர்களில், இடைத்தரகரிடம் இரும்புக் கம்பி வாங்கி வீட்டுப் பின்புறத்து உலையில் குடும்பத்தோடு ஆணி அடித்த ஆயிரக்கணக்கானோர், கூலியையும் சரக்கின் அளவையும் தரகரே தீர்மானிக்கும் நிலையில் வறுமையில் உழன்றனர்.

பர்மிங்காமில் செய்யப்பட்ட துப்பாக்கிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பப்பட்டு அங்கு அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. போல்ட்டன்–வாட் பொறிகள் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் விற்கப்பட்டன. நிலாக் கழகத்தினுள்ளேயே இது முரண்பாடாக நின்றது: 1787-இல் வெட்ஜ்வுட் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காகப் பதக்கம் செய்து பரப்ப, அவருடைய சக உறுப்பினரான சாமுவேல் கால்ட்டன் துப்பாக்கி வணிகத்தில் செல்வம் ஈட்டினார். போரை மறுக்கும் குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த கால்ட்டன், இவ்வணிகத்தைக் கைவிட மறுத்ததால் 1796-இல் அக்குழுவால் விலக்கப்பட்டார்.

1791 கலவரம்

ஆங்கிலத் திருச்சபையை ஏற்காத கிறித்தவர்கள் அரசுப் பதவி பெறுவதைத் தடுத்த சட்டங்களை நீக்கக் கோரி 1787 முதல் 1790 வரை நடந்த முயற்சிகள் தோல்வியுற்றன. அவற்றில் முன்னின்ற பிரீஸ்ட்லி பிரெஞ்சுப் புரட்சியையும் ஆதரித்தது பகைமையை மூட்டியது. பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளைக் கொண்டாட 1791 ஜூலை 14 அன்று விடுதியொன்றில் நடந்த விருந்தையொட்டி, திருச்சபைக்கும் மன்னருக்கும் ஆதரவாக முழக்கமிட்ட கும்பல் இரண்டு வழிபாட்டு இல்லங்களைத் தாக்கியதோடு, விருந்துக்கே செல்லாத பிரீஸ்ட்லியின் வீட்டையும் நூல்களையும் ஆய்வுக்கூடத்தையும் அழித்தது. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்ட பின்னரே படை வந்து அமைதியை நிலைநாட்டியது. உயிர் தப்பி இலண்டன் சென்ற பிரீஸ்ட்லி 1794-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

பின்விளைவும் முக்கியத்துவமும்

பிரீஸ்ட்லியின் வெளியேற்றமும் மூத்தோர் மறைவும் நிலாக் கழகத்தைத் தளர்த்தின. 1813-இல் எஞ்சியிருந்த நூல்கள் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு அளிக்கப்பட்டதோடு அது முற்றுப்பெற்றது. ஆனால் 1796-இல் ஸ்மெத்விக்கில் திறக்கப்பட்ட சோஹோ வார்ப்பாலையும், அங்கு பயின்ற பொறியாளர்களும், கால்வாய்களும், வங்கிகளும் 19-ஆம் நூற்றாண்டுத் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமாயின. கண்டுபிடிப்பு தனிமனிதர் அறிவுக்கூர்மையால் மட்டும் நிகழ்வதில்லை என்பதற்கும், கைத்தொழிலாளரின் திறமை, முதலீடு, கருத்துப் பரிமாற்றம், வருவோரை ஏற்கும் ஊர் அமைப்பு ஆகியவை ஒருங்கே கூடும்போதே அது நிலைபெறுகிறது என்பதற்கும் இவ்வட்டாரத்தின் வரலாறு சான்றாகும். அதே வேளையில், வணிகத்தில் திறந்த மனம் கொண்ட ஒரு சமூகம் சமயத்திலும் மனித உரிமையிலும் அதே திறந்த மனத்தைத் தானாகவே பெற்றுவிடுவதில்லை என்பதையும் அவ்வரலாறே காட்டுகிறது.