நாம் உட்காரும் ஜமக்காளம்

நம்ம மாதக் கூட்டம் எப்படித் தொடங்கும்? முதலில் வருகிற அக்கா ஜமக்காளத்தை உதறி விரிப்பார். அப்புறம்தான் வருகைப் பதிவு, சந்தா, உள்கடன் எல்லாம். இத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அதை நெய்தது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மலருக்கு எழுதச் சொன்னபோது அதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது.

நம்ம ஊருக்கும் துணிக்கும் பழைய சொந்தம். வண்ணாரப்பேட்டை என்ற பேரே அதில் வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இங்கே குடியிருந்தார்கள். திருவொற்றியூர் காலடிப்பேட்டையும் அப்படித்தான். யாரோ மகான் காலடி பட்ட இடம் என்று நான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த காலெட்பேட்டைதான் வாய்ப்பேச்சில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கவர்னர் பேர் நின்றுவிட்டது. நெய்தவர்கள், வெளுத்தவர்கள் பேரில் ஒன்றாவது நமக்குத் தெரியுமா?

ஜமக்காளம் என்றால் பவானி. ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானி ஆறும் கூடுகிற ஊர். அங்கே ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார் முன்பு சேலையும் மற்றத் துணியும் நெய்துவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துத் துணியோடு போட்டி வந்தது. மெல்லிய துணியில் மில்லை ஜெயிக்க முடியாது. அதனால் தடித்த சாய நூலை எடுத்து, பட்டை பட்டையாகக் கோடு போட்டு, கெட்டியான விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். அது நன்றாக ஓடியது. சேலை நெய்த தறிகள் ஜமக்காளத்துக்கு மாறின. பாரம்பரியம் என்றதும் ஆயிரம் வருஷம் என்று நினைத்துக்கொள்கிறோம். இது பிழைப்பு போன நேரத்தில் யோசித்துக் கண்டுபிடித்த தொழில். எனக்கு அதுதான் பெரிசாகப் படுகிறது.

குழித்தறியில் காலைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்து நெய்ய வேண்டும். நூல் தடிமன் என்பதால் கோடுதான் வரும், பூவும் கொடியும் வராது. ஓரத்தில் வேலைப்பாடு வேண்டுமென்றால் செயற்கைப் பட்டு நூலில் நெய்கிற மெதுவான வகை தனியாக உண்டு.

1980, 90களில் கிராக்கி கூடியது. கூடியதும் சோலாப்பூர் விசைத்தறியில் ஓட்டிய மலிவான விரிப்பு பவானி பேரிலேயே சந்தைக்கு வந்தது. சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் வருஷத்துச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வாங்குகிற நாம் பார்க்க வேண்டுமே! எங்கள் குழுவுக்கு ஒரு கடையில் ‘பவானி’ என்று சொல்லி விரிப்பு வாங்கினோம். மூன்று தடவை அலசியதும் சாயம் போனது, ஓரம் பிரிந்தது. கைத்தறி முத்திரை 2006லிருந்தே இருக்கிறது. அது ஒட்டியிருக்கிறதா என்று நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. விலை குறைவு என்று சந்தோஷமாக ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தோம்.

துருக்கிக் கம்பளம் நெய்கிற பெண்களுக்கும் இந்த மாதிரி ஒரு சங்கடம் வந்தது. நாம் ரத்தினக் கம்பளம் என்கிறோமே, அந்த வகை. ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டும்தான். அதிலோ இரண்டிரண்டு பாவு நூலைச் சேர்த்து, ஒவ்வொரு முடிச்சாகக் கம்பளி நூலைக் கட்டி நறுக்க வேண்டும். ஹெரெகே என்ற ஊரின் பட்டுக் கம்பளத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 முடிச்சு. ஒரு சதுர மீட்டருக்கு 10 லட்சம்! முடிச்சில்லாத கிலிம் என்ற வகையும் அங்கே உண்டு. அது நம்ம ஜமக்காளத்துக்குச் சித்தி மகள் மாதிரி.

சிவப்பு நிறத்துக்கு அவர்கள் மஞ்சிட்டி இனத்து வேரைக் காய்ச்சினார்கள். நம்ம சோழமண்டலக் கரை மணலில் தோண்டிய சாயவேரிலும் அதே சாயப்பொருள்தான். 1868இல் ஜெர்மனியில் அதை ரசாயனமாகவே செய்ய வழி கண்டுபிடித்தார்கள். இங்கே சாயவேர்த் தொழில் படுத்தது. அங்கே பல கிராமங்களில் வேர் காய்ச்சும் பக்குவமே மறந்துபோனது. புதுச் சாயம் மலிவு, ஆனால் பல கம்பளங்கள் வெளுத்தன. பேரும் கெட்டது.

ஹரால்ட் போமர் என்ற ஜெர்மன்காரர் பழைய கம்பளங்களின் சாயத்தை ஆராய்ந்தார். எந்த நிறம் எந்தச் செடியில் வந்தது என்று கண்டு, 1981இல் தொடங்கிய டோபாக் என்ற திட்டத்தில் கிராமத்துக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். அதில் யுந்த்தாஹ் மலைப்பகுதியில் அமைந்தது பெண்களின் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் கம்பளத்தோடு மர்மரா பல்கலைக்கழகத்தின் உத்தரவாதம் போகும். நெய்தவர் யார், எந்த ஊர் என்ற விவரமும் கூடவே போகும். வெளிநாட்டில் அதிக விலை கொடுத்து வாங்கினார்கள்.

புவிசார் குறியீடு ஊர்ப் பேரைக் காப்பாற்றும். தறியில் உட்கார்ந்த அக்காவின் பேர் அதில் வராது. நமக்கும் இதே கதைதானே! துணிப்பை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம், ஒட்டுகிற லேபிள் கடைக்காரருடையது. நம்ம கூட்டமைப்பு பேரில், தைத்தவர் பேரும் குழுப் பேரும் போட்டு லேபிள் அடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை பேசினோம். தீர்மானப் புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் அதை மறுபடி எடுக்கப் போகிறேன். கூடவே இன்னொன்று. அலுவலகத்துக்கு இரண்டு ஜமக்காளம், பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே நேரடியாக வாங்கலாம் என்று சொல்லப் போகிறேன். விலை கூடத்தான் ஆகும். எவ்வளவு என்று விசாரித்து வந்து சொல்கிறேன்.