ஓம்புயிர்க் காரணிகளைக் குறிவைக்கும் ஆர்என்ஏ குறுக்கீடு

வைரஸ் பெருகத் தேவையான செல் புரதங்களை ஆர்என்ஏ குறுக்கீட்டால் உருவாகவிடாமல் தடுத்து, அதன் வழியாகத் தொற்றை அடக்கும் முறை இது. வைரஸின் சொந்த மரபணுக்களை இது தொடுவதில்லை. எடுத்துக்காட்டாக, எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்ஐவி வைரஸிடம் இருப்பவை ஒன்பதே மரபணுக்கள். செல்லுக்குள் நுழைவது முதல் புதிய துகள்களாக வெளியேறுவது வரை பெரும்பாலான வேலைக்கு அது ஓம்புயிர் செல்லின் கருவிகளையே இரவல் வாங்குகிறது. அந்த இரவலை மறுத்துவிட்டால் வைரஸால் பெருக முடியாது.

ஈரிழை ஆர்என்ஏவைச் செலுத்தினால் அதே வரிசை கொண்ட மரபணு செயலிழக்கிறது என்பதை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழுவில் காட்டினர். ஆர்என்ஏ குறுக்கீடு எனப்படும் இக்கண்டுபிடிப்புக்காக 2006இல் நோபல் பரிசு பெற்றனர். டைசர் என்னும் நொதி ஈரிழையைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. துண்டின் ஓர் இழை ரிஸ்க் என்னும் புரதத் தொகுதியில் ஏறிக்கொள்கிறது, மற்றது கழிக்கப்படுகிறது. ஏறிய இழை தனக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவைத் தேடிப் பிணைய, ஆர்கோநாட் 2 என்னும் புரதம் அதை வெட்டிவிடுகிறது. மரபணு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அதன் செய்திதான் போய்ச் சேராது. பாலூட்டி செல்களில் நீண்ட ஈரிழை ஆர்என்ஏ இன்டர்ஃபெரான் எனப்படும் வைரஸ் எதிர்ப்பு எதிர்வினையைக் கிளப்பிவிடும். 21 நியூக்ளியோட்டைடு நீளமுள்ள துண்டுகள் அந்தச் சிக்கலைத் தவிர்க்கின்றன என்று தாமஸ் டூஷ்லின் குழு 2001இல் கண்ட பிறகே மனித செல்களில் இம்முறை சாத்தியமானது.

வைரஸையே நேராகத் தாக்கலாமே என்ற கேள்வி இயல்பானது. முதலில் அதையும் செய்தார்கள். ஆனால் எச்ஐவி தன் மரபுப்பொருளைப் படியெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. குறிவைத்த பகுதியில் ஓரெழுத்து மாறினாலும் அது தப்பிவிடக்கூடும். செல்லின் மரபணு அவ்வளவு எளிதில் மாறாது.

2002இல் பிலிப் ஷார்ப், பிரேம்லதா சங்கர் உள்ளிட்டோர் எச்ஐவி பற்றிக்கொள்ளும் சிடி4 ஏற்பியை அடக்கி, தொற்றைக் குறைத்தனர். எனினும் சிடி4 இல்லாமல் நோயெதிர்ப்பு மண்டலம் இயங்காது; மருந்துக்கு அது தகுந்த இலக்கு அல்ல. துணை ஏற்பியான சிசிஆர்5 வேறு வகை. இம்மரபணுவின் இரு படிகளிலும் 32 எழுத்துகள் விடுபட்டுப் பிறந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். அவர்கள் பொதுவாக நலமாகவே வாழ்கிறார்கள், பெரும்பாலான எச்ஐவி வகைகள் அவர்களைத் தொற்றுவதில்லை. இயற்கையே நடத்தி முடித்த சோதனை என்று இதைச் சொல்லலாம். 2003இல் டேவிட் பால்டிமோர், இர்வின் சென் குழுவினர் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் லென்டிவைரஸ் கடத்தியின் துணையுடன், எச்ஐவி தாக்கும் டி செல்கள் என்னும் மனித நிணசெல்களில் சிசிஆர்5 அளவைப் பத்து மடங்கு வரை குறைத்தனர். தொற்றுற்ற செல்கள் 3 முதல் 7 மடங்கு குறைந்தன.

இங்கும் வைரஸுக்கு ஒரு புறவாசல் உண்டு. சில எச்ஐவி வகைகள் சிஎக்ஸ்சிஆர்4 என்னும் வேறு ஏற்பி வழியாக நுழைகின்றன. தவிர, சிசிஆர்5 வேலையற்ற புரதமும் அல்ல: அது இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். செல்லின் புரதத்தில் கைவைக்கும் எந்த மருத்துவமும் இந்த விலையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொரு தடை, மருந்தைச் சேர்ப்பிப்பது. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் குறுக்கீட்டு மருந்தான பட்டிசிரான், கொழுப்பு நுண்துகளில் ஏறிக் கல்லீரலை அடைகிறது. அது பரம்பரை அமிலாய்டு நோய்க்கானது. டி செல்களை அப்படி எட்டுவது கடினம். ஆகவே செல்களை உடலிலிருந்து எடுத்து, மாற்றித் திரும்பச் செலுத்தும் வழியை எச்ஐவி ஆய்வாளர்கள் நாடினர். குறிதவறும் சிக்கலும் உண்டு: இழையின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் பொருந்தினாலே தொடர்பில்லாத மரபணுக்களும் அடங்கலாம்.

மருந்தாக வளர்ந்ததைவிடத் தேடுகருவியாகவே இம்முறை அதிகம் தந்திருக்கிறது. 2008இல் மூன்று குழுக்கள் மனித மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, எச்ஐவிக்குத் தேவையானவற்றைத் தேடின. ஒவ்வொன்றும் இருநூறுக்கு மேற்பட்ட பெயர்களைத் தந்தது. மூன்று பட்டியலிலும் இடம்பெற்றவை மூன்றே. செல் வகை, சோதனைக் காலம், குறிதவறல் எல்லாமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மறு ஆண்டு ஆப்ரஹாம் பிராஸ் குழு இன்ஃபுளூயன்சா வைரஸுக்கு இதே தேடலை நடத்தியபோது, ஐஎஃப்ஐடிஎம்3 என்னும் புரதத்தை அடக்கிய செல்களில் வைரஸ் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. வைரஸுக்கு உதவும் புரதங்களைத் தேடிப் போனவர்களிடம், வைரஸைத் தடுத்துக்கொண்டிருந்த ஒரு புரதமும் அகப்பட்டது.