செய்தி சொல்லும் கடமை

பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு விரையும் அம்புலன்ஸ் வண்டிக்கு வழிவிட, சாரதிகளும் பொலிசாரும் பாதசாரிகளும் கூடிப் பேசுவதில்லை. ஒருவரின் குறிப்பை மற்றவர் உணர்ந்து ஒதுங்குகின்றனர். இவ்வுணர்வு கணினிச் செய்நிரல்களுக்கும் வாய்க்குமோ என ஆராய்ந்தவர்களின் வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

அவர்களுள் ஒருவர் மிலிந்த் தாம்பே. இந்தியாவிலே பிலானியிற் பயின்று, 1991 இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் குழுவினர், கணினிக்குள் அமைந்த கற்பனைப் போர்க்களமொன்றில் ஹெலிகொப்டர் அணியொன்றைப் பறக்கவிட்டனர். அவற்றைச் செலுத்தியவர் மனிதரல்லர். முகவர்கள் எனப்படும் செய்நிரல்களே. தனித்தனியே ஒவ்வொன்றும் கடமையிற் பிழைக்கவில்லை. கூட்டாகச் சேர்ந்தபோதே விபரீதம் விளைந்தது.

ஒருமுறை, வேவு பார்க்கச் சென்ற ஹெலிகொப்டர் மலைச்சரிவில் மோதி வீழ்ந்தது. அதன் செய்தி வருமென ஏனையவை காத்திருந்தன; முடிவின்றிக் காத்திருந்தன. இன்னொருமுறை, பணி முடிந்ததை உணர்ந்த தலைமை ஹெலிகொப்டர், உடன்வந்தவற்றைக் களத்திலேயே விட்டுத் தான் மட்டும் தளத்துக்குத் திரும்பிற்று. மனிதத் தலைவர்களும் இதற்கு விலக்கல்லர் என்க.

ஒவ்வொரு தவறுக்கும் ஒவ்வொரு விதி சேர்த்துப் பார்த்தனர். புதிய தவறுகள் முளைத்தன. இறுதியில் தாம்பே நாடியது, 1991 இல் பிலிப் கோகன், ஹெக்டர் லெவெக் என்னும் இரு அறிஞர் வெளியிட்ட கூட்டு நோக்கக் கொள்கையை. குழுவின் நோக்கம் நிறைவேறிற்று என்றோ, இனி நிறைவேறாது என்றோ ஓர் உறுப்பினர் அறிந்தால், அதனைப் பிறருக்கு அறிவிக்கும்வரை அவர் கடமை தீராது என்பது அதன் சாரம். ஆயினும் போர்க்களத்திற் பேச்சு ஆபத்தானது. ஆதலின் சொல்வதன் செலவையும் சொல்லாமையின் இழப்பையும் சீர்தூக்கும் முறையையும் சேர்த்து, 1997 இல் அவர் தம் அமைப்பை வெளியிட்டார். அதே விதிகள் அவ்வாண்டு யப்பானின் நகோயாவில் நடந்த கணினி உதைபந்தாட்டப் போட்டியிலும் பயன்பட்டன.

யப்பானியருக்கோ இது விளையாட்டன்று. 1995 ஜனவரி 17 இல் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கம் 6,000 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்துயரின் பின், இடிந்த நகரொன்றைக் கணினியில் அமைத்து, மீட்புப் பணியில் முகவர்களைப் பழக்கும் முயற்சி தொடங்கிற்று. 2001 முதல் அது உலகப் போட்டியாயிற்று. பொலிஸ் முகவர் வீதியின் இடிபாட்டை அகற்றினாலன்றித் தீயணைப்பு வண்டி நகராது. அம்புலன்ஸ் முகவர் புதையுண்டோரை அடையார். ஒவ்வொருவர் பார்வையும் தம் அயலளவே. அனுப்பத்தக்க செய்திக்கும் எல்லையுண்டு. எல்லாத் தீயணைப்பு முகவரும் ஒரே தீயை நோக்கி ஓடினால், மறுதெரு எரிந்து முடிந்துவிடும்.