நாடா வளையம் கட்டிய தாளம்

1977ஆம் ஆண்டில், பாரிசு நகருக்கு அணித்தேயுள்ள ஏரூவில் மாளிகையின் ஒலிப்பதிவுக் கூடத்தில், பீ ஜீஸ் இசைக்குழுவினர் 'ஸ்டேயிங் அலைவ்' பாடலை உருவாக்கிக்கொண்டிருந்தனர். டிரம் கலைஞர் டென்னிஸ் பிரையனோ குடும்பத் துயரத்தால் தாயகம் சென்றிருந்தார்.

அவர் 'நைட் ஃபீவர்' பாடலுக்கு முன்னரே வாசித்திருந்ததில் இரண்டு தாளச் சுற்றுகளை ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் தெரிந்தெடுத்து, தனி நாடாவில் பதிந்து, முனைகளை ஒட்டி வளையமாக்கினர். இயந்திரத்துள் அடங்காத அந்நீண்ட வளையத்தை ஒலிவாங்கித் தாங்கியின் மீது ஓடவிட்டு, பிளாஸ்டிக் உருளையொன்றைத் தொங்கவிட்டு விறைப்பாக்கினர். தையற்கடைக் காட்சி போலும்!

மனிதர் வாசிக்கும் இசையின் காலப்பிரமாணம் உணர்ச்சிக்கேற்பச் சற்றே விரையும், சற்றே தளரும். வளையமோ அவ்வாறு நெகிழாது. முன்பே பதிந்த இசையின்மீது அதனைச் சேர்த்தால், தொடக்கத்தில் ஒத்துச் செல்வது சில சுற்றுகளிலேயே பிசகிவிடும். ஆதலின் அவர்கள் வரிசையை மாற்றினர். வளையத்தின் தாளத்தை முதலிற் பதிந்துகொண்டு, ஏனையோரை அதனைக் கேட்டு வாசிக்கச் செய்தனர். இசைக்குத் தாளம் இணங்கிய முறை போய், தாளத்திற்கு இசை இணங்கலாயிற்று.

தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியதே இறுதியில் நிலைத்தது. தாளம் வாசித்தவராகப் 'பெர்னார்ட் லூப்' என்ற பெயர் வேடிக்கையாகக் குறிக்கப்பட்டது. லூப் என்பது ஆங்கிலத்தில் வளையத்தின் பெயர். அப்படியொரு கலைஞர் இருந்ததேயில்லை; வாசித்த கைகள் பிரையனுடையவை.