திமிங்கிலம் காட்டும் தொழிலும் விதியும்

அமெரிக்காவின் கீழைக் கரையிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலம், முன்னொரு காலத்தில் திமிங்கில வேட்டையால் செல்வம் ஈட்டிய நாடு. நியூ பெட்போர்டுத் துறைமுகத்துக் கப்பல்கள் திமிங்கில எண்ணெய் தேடி உலகக் கடல்களில் உலவின. அதே மாநிலத்துப் புரோவின்ஸ்டவுனிலிருந்து, 1975இல், திமிங்கிலத்தைக் கண்டு மகிழ்வதற்கென்றே படகுகள் புறப்படலாயின. கொன்று பிழைத்த கரை காட்டிப் பிழைக்கத் தொடங்கியது. இது நல்ல மாற்றமே என்பதில் ஐயமில்லை.

ஆயினும், காட்சிப் பொருளான உயிர்க்குக் காவலும் வேண்டுமன்றோ? கடல்வாழ் பாலூட்டிகளைத் துன்புறுத்துவது குற்றம் என 1972ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1992இல் ஸ்டெல்வேகன் திட்டுப் பகுதி கடற் சரணாலயமாயிற்று. பின்னர் விரைவுப் படகுகள் பெருகின; திமிங்கிலங்கள் மீது மோதும் அபாயமும் பெருகியது. ஆகவே 1990களின் இறுதியில் வேக வரம்புகள் வகுக்கப்பட்டன. திமிங்கிலத்திற்கு இரண்டு மைல் தொலைவினுள் 13 நாட், ஒரு மைலினுள் 10 நாட், அரை மைலினுள் 7 நாட் என்பன அவை. ஆனால் இவை சட்டமல்ல. படகுக்காரர் தாமாக ஏற்று நடக்க வேண்டிய நெறிகள்.

நடந்தனரா? 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் சிலர் சாதாரணப் பயணிகளைப் போல் 46 பயணங்களில் ஏறி, படகுகளின் வேகத்தை இரகசியமாகக் குறித்தனர். 2008இல் வெளிவந்த முடிவின்படி, விதி மீறல் சராசரியாக நூற்றுக்கு 78 ஆகும்.

இதனால் படகுக்காரரைக் கொடியவரென்று கொள்ளுதல் தகாது. திமிங்கிலங்களை இனங்கண்டு குறித்து, அறிவியலுக்கு உதவியவர் அவர்களுள் பலர். எனினும் விரைந்து சென்று விரைந்து திரும்பினால் மறு பயணம் கிட்டும். மெல்லச் செல்வோனுக்கு இழப்பு, மீறுவோனுக்குத் தண்டனையில்லை. இந்நிலையில் நல்லெண்ணம் மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

2009இல் தொடங்கிய ‘வேல் சென்ஸ்’ என்னும் திட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்தது. அதில் சேரும் நிறுவனத்தார் ஆண்டுதோறும் பயிற்சி பெறவேண்டும், மதிப்பீட்டிற்கும் உட்படவேண்டும். சேர்வது இன்றும் அவரவர் விருப்பமே.

வகுப்பறைச் சுவரில் ஒட்டிய விதி தானே மாணவனைத் திருத்துவதில்லை என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். விதியை எழுதுவது பாதி வேலை. அது காக்கப்படுகிறதா என்று பார்ப்பதே மறுபாதி. கட்டணம் செலுத்திப் படகேறும் பயணியும் அந்த மறுபாதியில் பங்குடையவனே. “இன்னும் அருகே போங்கள்” என்று அவன் கேளாதிருந்தால், படகோட்டிக்கும் பொறுமை வரும்.