ஒக்லஹோமாவின் 29 சுருள்களும் எமது கெல்லரில் கிடக்கும் கசற்றுகளும்

சாலமன் சர் ஜோன்ஸ் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு பப்ரிஸ்ற் போதகர். வணிகமும் செய்தவர். அடிமைகளாக இருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1869இல் பிறந்தவர். 1924 முதல் 1928 வரை, தன்னைச் சூழ வாழ்ந்த கறுப்பின மக்களை அவர் 16 மில்லிமீற்றர் கமராவில் படம்பிடித்தார். மொத்தம் 29 சுருள்கள், 355 நிமிடங்கள். ஒலியில்லாத கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்று அவை யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் உள்ளன. 2016இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பிடித்தன.

அவற்றில் கதை எதுவும் இல்லை. தேவாலயம் முடிந்து படியிறங்கும் கூட்டம், பாடசாலைப் பிள்ளைகள், கடைக்கு முன்னால் நிற்கும் முதலாளி, ஆற்றில் நடக்கும் ஞானஸ்நானம், செத்தவீடு, ஊர்வலம், பந்து விளையாட்டு, வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும் குடும்பம். சொந்த எண்ணெய்க் கிணறு வைத்திருந்த கறுப்பினச் செல்வந்தர்களும் அதில் வருகிறார்கள். முற்றுமுழுதாகக் கறுப்பின மக்களே நடத்திய போலி போன்ற ஊர்களும் வருகின்றன.

இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் துல்சாவை நினைக்க வேண்டும். அந்நகரின் கிரீன்வூட் பகுதி, கறுப்பின மக்கள் தம் உழைப்பால் கட்டியெழுப்பிய கடைத்தெருக்களும் வீடுகளும் நிறைந்த இடம். 1921 மே 31இலும் யூன் 1இலும் வெள்ளையினக் கும்பல் அதனை எரித்தது. 35 வீதித் தொகுதிகள் அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாகின. ஜோன்ஸ் கமராவைத் தூக்கியது அதற்கு மூன்று வருடங்களின் பின். அவர் படத்தில் நாம் காணும் துல்சா, எரிந்து மறுபடி எழுந்த துல்சா.

கணக்கு எழுதிப் பழகிய கண்ணுக்குத் திகதிகள் தப்புவதில்லை. சரியாக 60 வருடங்கள் கழித்து, 1981இல், அதே மே 31 இரவில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் போயின. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பது எமக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் திகதியைக் கண்டபின்னர் ஜோன்ஸின் சுருள்களை வேறொருவர் வீட்டுப் படமாக எம்மால் பார்க்க முடியவில்லை.

அக்காலத்து அமெரிக்கத் திரைப்படங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் வேலைக்காரராகவோ கோமாளியாகவோதான் காட்டப்பட்டார்கள். ஜோன்ஸின் படத்தில் அவர்கள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, தம்மைத் தெரிந்த ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இன்னொன்றும் செய்தார் அந்தப் போதகர்: எழுத்துப் பலகையில் விபரத்தைக் கோர்த்து அதையும் படம்பிடித்தார். வவுச்சரில் திகதி போடுவது போன்ற வேலை. அதனால்தான் நூறு வருடம் ஆகியும் அவை சாட்சியாக நிற்கின்றன. அவருடைய வெளிநாட்டுப் பயணச் சுருள்களில் சுவிற்சர்லாந்தும் உண்டு என்பது எமக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

இனி எமது பக்கம். 1983க்குப் பின்னர் இந்நாட்டுக்கு வந்த எம்மவரில் பலர் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவித் தொடங்கியவர்கள். என் அனுமதி அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாது, தங்கையின் கல்யாணத்துக்குப் போக முடியாது. ஆள் போக முடியாத இடத்துக்குக் கசற் போனது. இங்கே கிராம மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய சாமத்தியச் சடங்கு, முதலாவது பிறந்தநாள், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, எல்லாம் வீஎச்எஸ் கசற்றில் ஏறி ஊருக்குப் போயின. அங்கே மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் கொண்டுவந்து சனம் கூடிப் பார்த்தது. கனடாவில் இருந்து வரும் கசற் இங்கே ஓடாது. அவர்களுடையது என்ரிஎஸ்சி, எமது டெக் பால். இரண்டும் ஓடும் டெக் வைத்திருந்தவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்க இடம் கிடையாது.

அந்த வீடியோக்களைப் பார்த்துப் பிள்ளைகள் இன்று சிரிக்கிறார்கள். இதய வடிவச் சட்டத்துக்குள் மாப்பிள்ளை, பின்னணியில் பனிமலை, மேலே சினிமாப் பாட்டு. சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பளிச்சென்ற விளக்கு மண்டபத்தைச் சுற்றி வரும்போது தெரிவது என்ன? அன்று எப்படி உடுத்தோம், எதைச் சாப்பிட்டோம், யார் யாரோடு பேசினார்கள், எந்தச் சுவிஸ் முதலாளி சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தார். செய்திக் கமராக்கள் எம்மை அகதியாகவும் பிணமாகவும் காட்டிய அதே வருடங்களில் நாமே எம்மை எடுத்த படம் இது மட்டும்தான். ஊரில் எடுத்த படங்களைச் சோதனைக்குப் பயந்து எரித்தவர்களும் புதைத்தவர்களும் எம்மிடையே உள்ளார்கள். ஆகவே சில குடும்பங்களுக்கு இந்தக் கசற்றுகளுக்கு முந்திய முகம் எதுவும் இல்லை.

சிக்கல் இங்கேதான். ஜோன்ஸின் பிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உருவம் தெரியும். காந்த நாடாவில் அப்படித் தெரியாது. ஓட்ட ஒரு இயந்திரம் வேண்டும். கடைசியாக வீஎச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த யப்பானிய நிறுவனமான பூனாய் 2016 யூலையில் அதனை நிறுத்திவிட்டது. நாடா ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும், காந்தப் பதிவு மெல்ல மங்கும். 20, 30 வருடம் என்பதே அதன் நல்ல ஆயுள். 1992இல் எடுத்தது எந்தப் பக்கம் நிற்கிறது என்று நாமே கழித்துப் பார்க்கலாம். இவ்வளவுக்கும் நாம் அதை வைத்திருப்பது கெல்லரில், குளிர்காலச் சக்கரங்களுக்குப் பக்கத்தில். கசற்றின் முன்விளிம்பில் உள்ள சிறு தகட்டை உடைக்காமல் விட்டதால், கல்யாணத்துக்கு மேலே படம் பதிந்த வீடுகளும் உண்டு.

இந்நாட்டில் இதற்கென்று அறிவு இல்லாமல் இல்லை. ஒலி, ஒளிப் பதிவுகளைப் பாதுகாக்கும் மெமோரியாவ் 1995இல் தொடங்கியது. பேர்ணில் உள்ள லிக்ற்ஸ்பீல் திரைப்படக் காப்பகம் சாதாரண மக்கள் எடுத்த படங்களையும் சேர்க்கிறது. வாஷிங்டனில் உள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் ஒரு படி மேலே போய், குடும்பங்கள் கொண்டுவரும் வீட்டுப் படங்களை இலவசமாக டிஜிற்றலாக மாற்றிக் கொடுக்கிறது. மூலப்பிரதி குடும்பத்திடமே திரும்பிவிடும். எமது சங்கங்கள் பார்த்துச் செய்யக்கூடிய மாதிரி அதுதான் என்பது எமது எண்ணம். மூன்று மணித்தியாலக் கசற்றை மாற்ற மூன்று மணித்தியாலம் வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

ஒரு விடயத்தில் மட்டும் அவசரம் கூடாது. சாமத்தியச் சடங்கில் பன்னிரண்டு வயதில் மேடையில் இருத்தப்பட்ட பிள்ளை இன்று நாற்பதைத் தாண்டிய பெண். அன்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இன்று பொதுவில் வைப்பதற்கு முன் கேட்கத்தான் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

எமது வீட்டில் பதினொரு கசற்றுகள் இருந்தன. போன மாரியில் ஒவ்வொன்றாக ஓட்டினோம். இரண்டில் மழை பெய்வது போல வெறும் கோடுகள். ஒன்றின் மேல் "கல்யாணம் 2" என்று மட்டும் எழுதியிருந்தது. திகதியும் இல்லை, ஊரும் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்குத் தொலைபேசி எடுத்து, படத்தைக் காட்டிக் காட்டிப் பெயர்களை எழுதினோம். முன்வரிசையில் ஒன்பது பேர். ஆறு பேரை மாமி சொன்னார். பச்சைச் சேலை கட்டியிருந்தவரையும், அவர் மடியில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் மாமிக்குத் தெரியவில்லை.